கொசு கடித்தால் பணம், உண்ணி கடித்தால் இல்லையா?

இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு மேலே ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்று ஓர் ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் அது எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக ஒரு பாலிசியை வகுத்துக் கொடுத்தது. பெயர் 'மஷக் ரக்ஷக்'. மஷக் என்றால் கொசு. டெங்கு, மலேரியா, யானைக்கால், காலா அசார், சிக்குன்குனியா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், ஜிகா என்று பூச்சிகளால் பரவும் ஏழு நோய்கள் அதில் உண்டு. இவற்றில் ஒன்று வந்து 72 மணி நேரம் ஆஸ்பத்திரியில் படுத்தால் காப்பீட்டுத் தொகை முழுவதும் கிடைக்கும். படுக்காவிட்டாலும், நோய் இன்னதென்று லேபில் உறுதியானால் தொகையில் 2 சதவீதம் தனியாக உண்டு.

நல்ல காரியம். அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பட்டியலை இரண்டு முறை படித்தும் நான் தேடிய பெயர் இல்லை. காலா அசார் பீகார்ப் பக்கத்து நோய். அதற்கு இடம் இருக்கிறது. நம் ஊர்ப் புதருக்குள்ளேயே இருக்கும் ஸ்க்ரப் டைபஸுக்கு இடம் இல்லை. பத்திரிகைகளில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதுகிறார்களே, அதுதான்.

பெயரைப் பார்த்து மாட்டு உண்ணி என்று நினைத்துவிட வேண்டாம். இது கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. புல், புதர், வரப்பு ஓரம், எலி ஓடும் இடம் எல்லாவற்றிலும் இருக்கும். கடித்தால் வலிக்காது. கடித்து பத்து நாள் வாக்கில் காய்ச்சல் தொடங்கும். தலைவலி, உடம்பு வலி, சிலருக்கு இருமல். கடித்த இடத்தில் பீடி நெருப்பு சுட்டது போல ஒரு கருப்புத் தழும்பு இருக்கும். டாக்டர்கள் அதை எஸ்கார் என்பார்கள். அது எல்லோருக்கும் இருக்காது. இருந்தாலும் அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ், காதுக்குப் பின்னால் என்று நாமே பார்க்காத இடத்தில் ஒளிந்திருக்கும்.

யாருக்கு வரும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கம் ஆடு மேய்ப்பவர்கள், கேழ்வரகுக் கொல்லையில் களை எடுக்கும் பெண்கள், நூறு நாள் வேலையில் ஏரிக்கரை முள்ளை வெட்டுபவர்கள், சித்தேரி மலையில் விறகுக்கும் தழைக்கும் உண்ணிச்செடிப் புதருக்குள் நுழைந்து வருபவர்கள். ஏ.சி. அறையில் உட்கார்ந்து பாலிசி எழுதுபவருக்கு வரும் நோய் அல்ல இது.

"அபூர்வ நோய்க்கு எல்லாம் பாலிசியில் இடம் தர முடியுமா?" என்று கேட்பார்கள். அபூர்வமா? வேலூர் சி.எம்.சி. டாக்டர்களும் லண்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து தமிழ்நாட்டில் 37 கிராமங்களில் சுமார் 32 ஆயிரம் பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2025-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் அது வெளியானது. கிராமத்து மக்களில் ஆண்டுக்கு 10 சதவீதம் பேர் வரை இந்தத் தொற்றுக்கு ஆளாகிறார்கள் என்று தெரிந்தது. பலருக்குத் தெரியாமலே போய்விடுகிறது, சிலருக்குக் காய்ச்சல், அவர்களில் சிலருக்கு உயிருக்கே ஆபத்து. அதே ஆண்டுத் தொடக்கத்தில் நம் பொது சுகாதாரத் துறையும் இந்தக் காய்ச்சல் பற்றி மாவட்டங்களை எச்சரித்தது. நமக்குக் கிழக்கே ஒட்டியிருக்கும் திருவண்ணாமலை மாவட்டமும் அந்தப் பட்டியலில் இருந்தது. உண்ணிக்கு மாவட்ட எல்லை தெரியுமா என்ன?

இதற்கு மருந்து புதிதல்ல, விலை அதிகமும் அல்ல. டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, ஏழு நாள். கர்ப்பிணிகளுக்கு அஸித்ரோமைசின். டீச் செலவுக்குள் முடிகிற மாத்திரை. ஆனால் நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். சாதாரணமாகக் காய்ச்சலுக்குப் போடும் பென்சிலின் வகை, செஃப்ட்ரியாக்ஸோன் வகை ஊசிகளுக்கு இந்தக் கிருமி அசையாது. நாள் கடந்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று இறங்கும். முற்றிய நிலையில் வந்த சுமார் 800 பேரை வைத்து சி.எம்.சி.யின் தலைமையில் நடந்த இன்னொரு ஆய்வு 2023-ல் வந்தது. இரண்டு மருந்தையும் சேர்த்து நரம்பில் ஏற்றியபோது சிக்கல்கள் குறைந்தன. ஆனால் இறப்பில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தாமதமாக வந்தவரை நல்ல மருந்தாலும் முழுதாக மீட்க முடிவதில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

இனி இன்சூரன்ஸ் என்ன செய்கிறது என்று பார்ப்போம். என் தங்கை வீட்டிலேயே கணக்கு இருக்கிறது. பென்னாகரம் பக்கம் கிராமம். அவள் மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். கம்பெனி குரூப் பாலிசியில் அப்பா அம்மா பெயரையும் சேர்த்திருக்கிறான்.

ஒரு கார்த்திகை மாதம் தங்கைக்குக் காய்ச்சல். பக்கத்து டவுனில் இரண்டு இடத்தில் காட்டினார்கள். டைபாய்டு டெஸ்ட், டெங்கு டெஸ்ட், தட்டணு எண்ணிக்கை, ஊசி, குளுக்கோஸ். ஒன்பதாம் நாள் மூச்சு வாங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அங்கே ஒரு நர்ஸ் அம்மாதான் அக்குளில் தழும்பைப் பார்த்தார். எலைசா டெஸ்ட் எடுத்து உறுதி செய்தார்கள். நான்கு நாள் ஐ.சி.யூ., மூன்று நாள் வார்டு. பில் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தைத் தாண்டியது. இன்சூரன்ஸ் பெரும்பகுதியைக் கொடுத்தது. அட்மிட் ஆவதற்கு முந்தைய 30 நாள் செலவும் பாலிசியில் உண்டு என்பதால், டவுனில் எடுத்த பயனில்லாத டெஸ்டுகளுக்கும் பணம் வந்தது.

மறு வருஷம் மாப்பிள்ளைக்குக் காய்ச்சல். இந்த முறை வீட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். நான்காம் நாள் டாக்டரிடம் போய், "ஐயா, உடம்பில் தழும்பு இருக்கிறதா பாருங்கள்" என்று தங்கையே கேட்டாள். தொடை இடுக்கில் இருந்தது. அன்றே மாத்திரை தொடங்கினார். ஆறாம் நாள் எலைசா பாசிட்டிவ். அதற்குள் காய்ச்சல் விட்டுவிட்டது. இரண்டு வாரத்தில் ஆடு ஓட்டிக்கொண்டு போனார். டாக்டர் ஃபீஸ், டெஸ்டுகள், மாத்திரை எல்லாம் சேர்த்து 2,350 ரூபாய். மகன் கிளெய்ம் போட்டான். திரும்பி வந்தது. காரணம்: 24 மணி நேரம் அட்மிட் ஆகவில்லை.

ஒரே வீடு, ஒரே நோய், ஒரே பாலிசி. தாமதமாகக் கண்டுபிடித்ததற்கு லட்சம் ரூபாய். சரியான நேரத்தில் கண்டுபிடித்ததற்குப் பூஜ்யம். ஐ.சி.யூ.வில் படுத்தால் முன்னால் எடுத்த டெஸ்டுக்கும் பணம் உண்டு. அந்த டெஸ்டே ஐ.சி.யூ.வைத் தவிர்த்துவிட்டால் டெஸ்டுக்குப் பணம் இல்லை. கம்பெனியின் கணக்கப்பிள்ளைக்கே இது நஷ்டம் என்று தெரிய வேண்டாமா?

"சரி, டெஸ்டுக்காக ஒரு நாள் அட்மிட் ஆகிவிட்டால்?" என்று ஒரு நண்பர் கேட்டார். அதற்கும் பூட்டு இருக்கிறது. எல்லாப் பாலிசிக்கும் பொதுவாக ஆணையம் வகுத்த விலக்குகளில் ஒன்று, பரிசோதனைக்காக மட்டுமே அட்மிட் ஆனால் பணம் கிடையாது என்பது. மோசடியைத் தடுக்க வைத்த விதி என்பது புரிகிறது. ஆனால் அட்மிட் ஆகாமல் எடுத்தாலும் பணம் இல்லை, டெஸ்டுக்காக அட்மிட் ஆனாலும் பணம் இல்லை என்றால், நோயாளி நோய் முற்றும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி என்ன?

இது தனியார் கம்பெனி விவகாரம் மட்டும் இல்லை. எங்களைப் போன்ற அரசு ஓய்வூதியர்களிடம் 2022 ஜூலை முதல் மாதம் 497 ரூபாய் பிடிக்கிறார்கள். வருஷத்துக்கு 5,964. அதிலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பேச்சு; ஓ.பி. செலவு நம் பையிலிருந்துதான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. எத்தனையோ ஏழைகளின் இதய ஆபரேஷனை நடத்திக் கொடுத்த திட்டம் அது, மறுக்கவில்லை. ஆனால் கூலிக்காரருக்கு 5 லட்சம் ரூபாய் ஆபரேஷனுக்குக் கதவு திறந்திருக்கும்போது, ஆயிரம் ரூபாய் ரத்த டெஸ்டுக்கும் ஒரு சின்ன ஜன்னல் வேண்டாமா? அந்தத் திட்டத்தில் சில பரிசோதனைகளுக்குத் தனியாகவே பணம் தரும் முறை ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். அதைக் காய்ச்சலுக்கும் விரித்தால் போதும்.

"அரசு ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம்தானே?" என்பது அடுத்த கேள்வி. மாத்திரை இலவசம்தான். எலைசா வசதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பதில்லை. ரத்தம் பெரிய இடத்துக்குப் போய் முடிவு திரும்பி வர வேண்டும். சித்தேரிக்காரர் மலை இறங்கி அரூர் வந்து, பஸ் மாறி தருமபுரி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். அன்றைய கூலியும் போகும். அதனால்தான் அவர் முதலில் பக்கத்துத் தனியார் கிளினிக்குக்குப் போகிறார். காப்பீடு அங்கேதான் அவருக்குத் துணை நிற்க வேண்டும்.

"டெஸ்ட் முடிவு வருவதற்கு முன்பே மாத்திரை தொடங்கலாம் என்று ஐ.சி.எம்.ஆரே சொல்கிறதே, பிறகு டெஸ்ட் எதற்கு?" நியாயமான கேள்வி. சந்தேகம் வந்த உடனே தொடங்கத்தான் வேண்டும். ஆனால் தழும்பு இல்லாதவருக்குச் சந்தேகத்தை உறுதி செய்வது டெஸ்ட்தான். எந்தக் கிராமத்தில் எத்தனை பேருக்கு என்று அரசுக்குத் தெரிவதும் டெஸ்டால்தான். எண்ணிக்கை இல்லாவிட்டால் நோயே இல்லை என்பார்கள். அப்படித்தான் 'மஷக் ரக்ஷக்' பட்டியலிலும் இது விடுபட்டிருக்க வேண்டும்.

"பிரீமியம் ஏறும், லேப்காரர்கள் எல்லாக் காய்ச்சலுக்கும் பில் போடுவார்கள்." நிபந்தனை வையுங்கள். ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல், பதிவு பெற்ற டாக்டரின் சீட்டு, அரசு நிர்ணயித்த விலை, ஒரு காய்ச்சலுக்கு ஒரு முறை. என் தங்கையின் ஒரு பில்லில் மாப்பிள்ளையைப் போல நாற்பது பேருக்கும் மேல் குணமாகியிருப்பார்கள்.

சட்டம் போட்டால் கம்பெனிகள் கேட்குமா? கேட்டிருக்கின்றன. 2017 மனநலச் சட்டம், உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றது. அடுத்த ஆண்டே ஆணையம் உத்தரவிட்டது. 2020-ல் கொரோனா கவச் பாலிசியில் வீட்டிலிருந்தே எடுத்த சிகிச்சைக்கும் பணம் தந்தார்கள். அப்போது 24 மணி நேர விதி எங்கே போனது?

வெளிநாட்டிலும் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்று ஒரு சிற்றூர். 1970-களில் அங்கே பிள்ளைகளுக்கு மூட்டு வீக்கம் வந்து, ஊர்த் தாய்மார்கள் விடாமல் கேட்டதால் உண்ணிக் கடியால் பரவும் ஒரு நோய் வெளியே தெரிந்தது. ஊர்ப் பெயரே நோய்ப் பெயராயிற்று. 1999-ல் அந்த மாநிலம் சட்டம் போட்டது: லைம் நோய்க்குக் குறைந்தது 30 நாள் நரம்பு ஊசிக்கும் 60 நாள் மாத்திரைக்கும் இன்சூரன்ஸ் பணம் தர வேண்டும். 2016-ல் மாசசூசெட்ஸ், ஆளுநர் மறுத்தும் சட்டமன்றம் மீறி நிறைவேற்றியது. அவ்வளவு நீண்ட மருந்து தேவையா என்று அங்கே டாக்டர்களிடையே சண்டை உண்டு. நாம் கேட்பதில் அந்தச் சண்டைக்கே இடமில்லை: ஒரு டெஸ்ட், ஏழு நாள் மாத்திரை.

எனவே என் கோரிக்கை நான்கு. ஒன்று, 'மஷக் ரக்ஷக்' பட்டியலில் ஸ்க்ரப் டைபஸைச் சேர்க்க வேண்டும். இரண்டு, எல்லா மருத்துவப் பாலிசியிலும் மேலே சொன்ன நிபந்தனையோடு இந்த டெஸ்டுக்கும் மாத்திரைக்கும் அட்மிஷன் இல்லாமலே பணம் தர ஆணையம் உத்தரவிட வேண்டும். மூன்று, முதலமைச்சர் திட்டத்தில் இதைத் தனிப் பரிசோதனையாகச் சேர்க்க வேண்டும். நான்கு, ஓய்வூதியர் காப்பீட்டு ஒப்பந்தம் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும்போது நம் சங்கங்கள் பிரீமியத் தொகையைப் பற்றி மட்டும் பேசாமல் இதையும் எழுத்தில் கேட்க வேண்டும்.

அதுவரை ஒரு வேலை நம் கையில் இருக்கிறது. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் நான்கு நாளைத் தாண்டினால் அக்குள், இடுப்பு மடிப்பு, காதுப் பின்புறம் எல்லாம் வெளிச்சத்தில் பாருங்கள். கொல்லைக்குப் போனதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இதற்கு எந்த இன்சூரன்ஸும் தேவையில்லை.