ஓபி சீட்டுல என்ன பேர் எழுதுறோம்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

காலடிப்பேட்டை பக்கம் குடியிருக்கிற ஒரு திருநங்கை. மூணு வாரமா இருமல், சாயங்காலமானா காய்ச்சல். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. வட சென்னையில ஒரு அரசு மருத்துவமனை, அன்னைக்கு ஓபி-யில நான்தான். (ஆள் யாருன்னு தெரியாதபடி சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

சீட்டுல ஒரு ஆண் பெயர். அதைச் சத்தமா கூப்பிட்டேன். சேலை கட்டின ஒருத்தர் எழுந்து வந்தாங்க. பெஞ்சுல இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க, ரெண்டு பேர் சிரிச்சாங்க. நானாவது சும்மா இருந்திருக்கலாம். நெஞ்சுல ஸ்டெத் வைக்கிறதுக்கு முன்னாடியே "ஆபரேஷன் பண்ணியாச்சா?"னு கேட்டேன். இருமலுக்கு வந்தவங்ககிட்ட! சளிப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். அவங்க லேபுக்குப் போகல. நேரா கேட்டைத் தாண்டிப் போயிட்டாங்க.

நாலு மாசம் கழிச்சு ஆட்டோவுல தூக்கிட்டு வந்தாங்க. எலும்பும் தோலுமா இருந்தாங்க. எக்ஸ்ரேயில ரெண்டு நுரையீரலும் பாதிச்சிருந்தது. காசநோய். நடுவுல மெடிக்கல் ஷாப்புல இருமல் டானிக் வாங்கிக் குடிச்சே ஓட்டியிருக்காங்க.

"ஏன்க்கா முன்னாடியே வரல?"னு கேட்டேன்.

"வந்தேனே டாக்டர். உங்ககிட்டதான் வந்தேன்."

அரசு மருத்துவமனையில காசநோய்க்குப் பரிசோதனை இலவசம், ஆறு மாச மாத்திரை இலவசம், சத்துணவுக்கு வங்கிக் கணக்குல பணம்கூட வருது. எல்லாம் பத்தடி தூரத்துல இருந்தது. நான் பேர் கூப்பிட்ட விதத்துலயும், கேட்ட ஒரு கேள்வியிலயும் அவங்களுக்கு அத்தனையும் இல்லாமப் போச்சு. இன்னொண்ணும் சொல்றேன். சளியில கிருமி இருக்கிற ஒருத்தர் சிகிச்சை எடுக்கலைன்னா, ஒரு வருஷத்துல 10 முதல் 15 பேருக்குத் தொத்து கொடுக்க முடியும். அன்னைக்கு பெஞ்சுல உட்கார்ந்து சிரிச்சவங்களும் அதே தெரு, அதே ஷேர் ஆட்டோ.

அட்மிஷன் போட்டப்போ அடுத்த கூத்து. எந்த வார்டு? ஆண்கள் வார்டுல படுக்க அவங்களுக்குப் பயம். பெண்கள் வார்டுல மத்த நோயாளிகளோட சொந்தக்காரங்க சண்டைக்கு வந்துட்டாங்க. ரெண்டு நாள் வராண்டாவுல கட்டில். அதுக்கு டாக்டரையும் நர்ஸையும் மட்டும் குறை சொல்லிட்டுப் போக முடியாது. "இவங்களை வேற எங்கயாவது மாத்துங்க"ன்னு சத்தம் போட்டது உங்களை மாதிரி, என் அம்மா மாதிரி சாதாரண ஜனங்கதான்.

நம்ம தமிழ்நாடு ஒண்ணும் செய்யலைன்னு சொல்ல வரல. திருநங்கைகளுக்கு நல வாரியம் 2008-லயே வந்தாச்சு. பாலின மாற்று அறுவை சிகிச்சையை அரசு மருத்துவமனையிலயே இலவசமா செய்யுறோம். சென்ட்ரல் எதிர்ல இருக்கிற ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில அவங்களுக்குன்னு தனி கிளினிக் இருக்கு. பெருமைப்படலாம். ஆனா திருநங்கைக்கும் சுகர் வரும், டெங்கு வரும், பல் வலிக்கும். ராத்திரி ஒரு மணிக்கு நெஞ்சு வலிச்சா திருவொற்றியூர்லயே பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடி வரணும். அங்க சீட்டு போடுற கவுண்டர்தான் முதல் வைத்தியம்.

காலடிப்பேட்டைங்கிற பேர் எப்படி வந்துச்சுன்னு தெரியும்ல? 300 வருஷத்துக்கு முன்னாடி மெட்ராஸ் கவர்னரா இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியமர்த்தின ஊர். காலெட் பேட்டை நம்ம வாயில காலடிப்பேட்டை ஆயிடுச்சு. ஒரு வெள்ளைக்காரர் பேரையே நம்ம இஷ்டத்துக்கு மாத்திக் கூப்பிடுற ஊர்ல, ஒருத்தர் தன் சொந்தப் பேரை மாத்திச் சொன்னா எழுதக் கை வரமாட்டேங்குது.

இப்போ நான் என்ன பண்றேன்னா, "உங்களை எப்படிக் கூப்பிடணும்?"னு கேட்டு அந்தப் பேரையும் சீட்டு மேல எழுதிடுறேன். ஆதார்ல இருக்கிற பேர் ரெக்கார்டுக்கு, இது கூப்பிடுறதுக்கு. இதுக்கு ஜி.ஓ. எதுவும் வேண்டாம், பேனா போதும்.

திருநங்கைகளையாவது நாங்க பார்க்கிறோம். கண்ணுக்கே தெரியாம வந்துட்டுப் போறவங்க தன்பாலீர்ப்பு உள்ளவங்க. கல்யாணம் ஆச்சான்னு கேட்டு, ஆமான்னா நாங்க அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். ஆண்களோட உறவு உண்டான்னு கேட்கமாட்டோம், அவரும் தானா சொல்லமாட்டார். ஆசனவாயில வர்ற பால்வினை நோய் பலபேருக்கு வலியோ புண்ணோ இல்லாமலே இருக்கும். கேட்டாத்தான் டெஸ்ட் எழுதத் தோணும். கேட்கலைன்னா அவருக்கும் தெரியாது, வீட்டுல மனைவிக்கும் தெரியாது. முகம் சுளிக்காம கேட்கக் கத்துக்க வேண்டியது நாங்கதான்.

கத்துக் கொடுத்தாங்களான்னு கேட்டா, இல்ல. நான் எம்.பி.பி.எஸ். படிச்சப்போ தடயவியல் மருத்துவப் பாடத்துல ரெண்டு பெண்களோட உறவு பாலியல் குற்றங்கள் வரிசையில இருந்தது. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கியிருக்கேன். உலக சுகாதார நிறுவனம் 1990-லயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியல்ல இருந்து எடுத்துடுச்சு. 2021-ல நம்ம சென்னை உயர் நீதிமன்றத்துல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், சேர்ந்து வாழ்ந்த ரெண்டு பெண்கள் தொடுத்த வழக்குல, இதை "மாத்துற" சிகிச்சையைத் தடை பண்ணச் சொன்னார். பாடப்புத்தகத்தையும் கேள்வி கேட்டார். 2022-ல தேசிய மருத்துவ ஆணையம் அந்தச் சிகிச்சையைத் தொழில் ஒழுங்கீனம்னு அறிவிச்சது. அதே ஆணையம் 2024 ஆகஸ்ட் கடைசியில பழைய பாடத்தை மறுபடி உள்ளே கொண்டுவந்து, எதிர்ப்பு வந்ததும் சில நாள்லயே வாபஸ் வாங்குச்சு. எங்க படிப்போட லட்சணம் இதுதான்.

அதனால பெற்றோருக்கு ஒண்ணு. "பையன் இப்படிச் சொல்றான் டாக்டர், ஒரு ஊசி போட்டுச் சரி பண்ணுங்க"ன்னு வராதீங்க. அப்படி ஊசியும் இல்ல, மாத்திரையும் இல்ல. சரி பண்ணித் தர்றேன்னு யாராவது பணம் கேட்டா அங்கிருந்து எழுந்து வந்துடுங்க. பிள்ளை தூங்காம, சாப்பிடாம, சாகணும்னு பேசினா அது அவசரம். உடனே கூட்டிட்டு வாங்க. மனநல உதவிக்கு 14416-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், இலவசம்.

எச்.ஐ.வி. சந்தேகம்னா அரசு மருத்துவமனைகள்ல இருக்கிற நம்பிக்கை மையத்துக்குப் போங்க, இல்ல 1097-ல கேளுங்க. உங்க சம்மதம் இல்லாம டெஸ்ட் எடுக்கவோ, ரிசல்ட்டை வெளிய சொல்லவோ கூடாதுன்னு 2017-லயே சட்டம் இருக்கு.

அந்த அக்கா ஆறு மாசமும் மாத்திரை போட்டு முடிச்சாங்க. நுரையீரல்ல தழும்பு தங்கிடுச்சு, மாடிப்படி ஏறினா இப்பவும் மூச்சு வாங்குது. முதல் நாளே சளி கொடுத்திருந்தா அது வந்திருக்காது.