காப்பதும் களைவதும்

மாற்றத்தை எதிர்கொள்வோர் பெரும்பாலும் இரு பிழைகளுள் ஒன்றைச் செய்கின்றனர். பழகியது என்பதற்காகவே பழையதைப் பற்றிக்கொள்வது ஒன்று; புதியது என்பதற்காகவே அதன்பின் ஓடுவது மற்றொன்று. இரண்டிலும் சிந்தனைக்கு இடமில்லை. எதைக் காப்பது, எதைக் களைவது எனப் பகுத்தறியும் ஆற்றலே மாறும் உலகில் மனிதரை நிலைபெறச் செய்யும். தமிழ் எழுத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இடப்படவில்லை. எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்பதைப் படிப்பவரே இடம்நோக்கி உணர வேண்டியிருந்தது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் இக்குறில் நெடில்களுக்கு வேறுபட்ட வடிவங்களை வகுத்தார். மாறியது வரிவடிவமே, ஒலிவடிவம் அன்று.

1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் தமிழ்நூல் அச்சேறியது. ஆயினும் பழந்தமிழ் நூல்கள் பல 19ஆம் நூற்றாண்டிலும் ஓலைகளிலேயே முடங்கிக் கிடந்தன. உ.வே.சாமிநாதர் சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கி, 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏட்டை மட்டுமே போற்றியோர், அது செல்லரித்தபோது நூலையும் இழந்தனர். நூல் வேறு, அதனைத் தாங்கும் ஏடு வேறு எனத் தெளிந்தோரே நூலைக் காத்தனர்.

பெரியார் 1935இல் ‘குடிஅரசு’ இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தினார். அதன்வழி 13 எழுத்துகளின் வடிவ மாற்றத்தைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றது. அச்சுக்கோப்பதும் தட்டச்சு செய்வதும் எளிதாயின. ஆனால், ஐ, ஔ ஆகியவற்றுக்கு மாற்றாக அய், அவ் என எழுதும் முறை அரசாணையில் இடம்பெறவில்லை. ஆராய்ந்து ஏற்பதும் ஆராய்ந்து விடுப்பதும் ஒரே அறிவின் இரு பக்கங்கள்.

எழுத்து மாறினால் முன்னோர் நூல்கள் அயலாகிவிடும் என்னும் அச்சம் எழுவது இயல்பு. அது பொருளற்ற அச்சமும் அன்று. மாற்றத்தின் எல்லையை வரையறுக்க அவ்வச்சம் துணைசெய்யும். மாற்றத்தையே தடுக்க அது காரணமாகாது.

இன்று கைப்பேசியிடம் பேசினால் அது எழுதித் தருகிறது. கேட்டால் கட்டுரையும் இயற்றித் தருகிறது. எழுதும் உழைப்பைக் கருவியிடம் ஒப்படைக்கலாம். ஐயுறுவதையும் ஆராய்வதையும் தனக்கென ஒரு முடிவுக்கு வருவதையும் ஒப்படைத்தால், ஏட்டோடு நூலும் போய்விடும். கருவிகள் இன்னும் பலமுறை மாறும். அவ்வொவ்வொரு முறையும் எது ஏடு, எது நூல் என வினவத் தெரிந்த இளைஞரை எம்மாற்றமும் வீழ்த்தாது.