பந்து அவனுக்கு, சொப்பு இவளுக்கா?

குழந்தைக்கு மூன்றாவது பிறந்த நாள் என்றால் வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவார்களா? பையனாயிருந்தால் பந்து, மட்டை, மூன்று சக்கர சைக்கிள். பெண்ணாயிருந்தால் பொம்மை, சொப்பு, மணி கோக்கும் பெட்டி. யாரும் யோசித்து வாங்குவதில்லை. கடைக்குள் நுழைந்ததும் கால் தானாக அந்தப் பக்கம் போகிறது. ஆனால் அடுத்த இரண்டு வருஷத்துக்கு அந்தக் குழந்தையின் உடம்பில் எந்தத் தசைக்கு வேலை, எந்தத் தசைக்கு ஓய்வு என்பதையும் அன்றைக்கே தீர்மானித்துவிட்டு வீடு திரும்புகிறோம்!

ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருக்கு இரட்டைக் குழந்தைகள்; வயது நாலு. பையன் பந்தைத் தெருக்கோடி வரை வீசுகிறான். ஆனால் சட்டைப் பித்தானைப் போடத் தெரியவில்லை. பென்சிலைப் பிடித்தால் எழுத்து நாலு பக்கமும் ஓடுகிறது. ஸ்கூலில் 'மக்கு' என்று பெயர் வந்துவிட்டது. ராத்திரி எட்டு மணிக்கு அழ அழ எழுத வைக்கிறார்கள். பெண் அழகாக வண்ணம் தீட்டுகிறாள். ஆனால் பூங்காவில் சறுக்குமரம் ஏறச் சொன்னால் அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக் கொள்கிறாள். "ஆணும் பெண்ணும் அப்படித்தான், பகவான் படைப்பு என்கிறார் என் மாமியார். வாஸ்தவந்தானா?" என்று கேட்கிறார்.

கொஞ்சம் வாஸ்தவம் உண்டு. கொஞ்சந்தான்.

முதல் இரண்டு வருஷத்தை எடுத்துக் கொள்ளுங்கள். இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 தேசங்களில் குழந்தைகள் எப்போது உட்காருகின்றன, தவழ்கின்றன, நிற்கின்றன, நடக்கின்றன என்று கணக்கெடுத்து, உலக சுகாதார ஸ்தாபனம் 2006-ல் முடிவுகளை வெளியிட்டது. தனியாக நடக்கத் தொடங்குவது ஏறக்குறைய 8 மாதத்திலிருந்து 17½ மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் இருக்கலாமாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம்? பொருட்படுத்தும்படியாக ஒன்றும் இல்லை!

வித்தியாசம் குழந்தையிடம் வருமுன்பே நம் மனசில் வந்துவிடுகிறது. நியூயார்க் சர்வகலாசாலையில் செய்த ஒரு சோதனை 2000-ல் வெளியாயிற்று. சாய்வை ஏற்றவும் இறக்கவும் கூடிய ஒரு பலகையை வைத்து, 11 மாதக் குழந்தைகளின் தாய்மார்களிடம், "உங்கள் குழந்தை எவ்வளவு சாய்வில் தவழ்ந்து இறங்கும்?" என்று கேட்டார்கள். பையனைப் பெற்றவர்கள் கூட்டிச் சொன்னார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் குறைத்துச் சொன்னார்கள். பிறகு குழந்தைகளை விட்டுப் பார்த்தால் இரு சாராரும் ஒரே மாதிரி இறங்கின! பெற்ற தாயின் கணக்கே இப்படித் தப்பினால், மற்றவர்களைச் சொல்வானேன்?

மூன்று வயதுக்கு மேல் நிலைமை கொஞ்சம் மாறுகிறது. ஒற்றைக் காலில் நிற்பது, நொண்டுவது, விரலால் செய்யும் நுட்பமான வேலை இவற்றில் பெண் குழந்தைகள் சற்று முந்துகிறார்கள். எறிவதிலும் உதைப்பதிலும் பையன்கள் முந்துகிறார்கள். தாமஸ், பிரெஞ்ச் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1985-ல், முன்பு நடந்த 64 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பருவம் அடையும் வரை பெரும்பாலான வித்தியாசங்களுக்குக் காரணம் வளர்ப்புத்தான் என்பது அவர்கள் அபிப்பிராயம். எறிவது ஒன்றுதான் விலக்கு. அதில் சின்ன வயசிலேயே இடைவெளி பெரிதாயிருக்கிறது. பிறவிக்கும் அதில் பங்கு இருக்கலாம் என்றார்கள். ஆனால் ஆஸ்திரேலியப் பழங்குடிக் குழந்தைகளைச் சோதித்து 2010-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அந்த இடைவெளியும் அமெரிக்கக் குழந்தைகளிடம் இருப்பதைவிடக் குறைவாகவே இருந்தது. பெண்களும் எறிந்து பழகிய பரம்பரை அது!

இப்போது நம் வீட்டைப் பாருங்கள். பெண் குழந்தை பாண்டி ஆடுகிறாள். அது ஒற்றைக் காலுக்குப் பயிற்சி. அம்மா பூத் தொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து மலரை எடுத்துக் கொடுக்கிறாள். அது விரலுக்குப் பயிற்சி. பையனை இந்த இடங்களில் நாம் சேர்ப்பதில்லை. முன்பெல்லாம் அவனுக்குத் தெரு இருந்தது. கோலியைக் குறி பார்த்துச் சுண்டினான். பம்பரத்துக்குச் சாட்டை சுற்றினான். விரல் தானாகத் தேர்ச்சி பெற்றது. அடுக்குமாடி வீட்டில் கோலிக் குழி எங்கே தோண்டுவது? அவன் கைக்கு இப்போது கிடைப்பது செல்போன். கண்ணாடியின்மேல் விரலைத் தேய்ப்பதால் பென்சில் பிடிக்கும் பலம் வருமா?

எழுத்து விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கையின் திறமை தோளில் ஆரம்பித்து, முழங்கை, மணிக்கட்டு என்று இறங்கி, விரல் நுனிக்குக் கடைசியில்தான் வருகிறது. மணிக்கட்டிலுள்ள 8 சிறு எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்பு. பல வருஷங்களில் ஒவ்வொன்றாகக் கெட்டிப்படுகின்றன. பெண்களுக்குச் சற்று முன்னதாக. மூன்று வயதில் வட்டம், நாலில் கூட்டல் குறி, ஐந்தில் சதுரம் பார்த்துப் போட்டால் போதும். நாலு வயதுப் பையனை ஒரு பக்கம் 'அ' எழுத வைத்து அடிப்பது, நாற்று வேர் பிடிக்குமுன் கதிர் எங்கே என்று கேட்பது போலத்தான்.

இது புதிய விஷயம் அல்ல. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய முறையில் பித்தான் போடவும் முடிச்சுப் போடவும் தனிச் சட்டங்கள் உண்டு. அவை ஆண், பெண் எல்லாக் குழந்தைகளுக்கும் பொது.

ஆகவே, பையனுக்குச் சமையலறைக் கதவைத் திறந்துவிடுங்கள். சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை கொடுத்துப் பிசையச் சொல்லுங்கள். பட்டாணி உரிக்கட்டும், கொடியில் துணிக்குக் கிளிப் போடட்டும், வாசலில் கோலப் புள்ளி வைக்கட்டும். ஆபீஸுக்கு நேரமாகிறதென்று அவன் பித்தானை நீங்கள் போட்டுவிடாதீர்கள். கீழ்ப் பித்தான் ஒன்றை மட்டும் அவனுக்கு விட்டுவைத்தால் ஐந்து நிமிஷம் ஆகும். ஒரு மாதத்தில் ஒரு நிமிஷமாகும்.

பெண்ணுக்குப் பந்தைக் கொடுங்கள். பழைய துணியைச் சுருட்டிக் கட்டினால் போதும். கூடத்தில் கண்ணாடி உடையாது. எறியச் சொன்னால் முதலில் முழங்கையை மட்டும் ஆட்டுவாள். வலது கையால் எறியும்போது இடது காலை முன்னே வைத்து, இடுப்பைத் திருப்பி எறியக் காட்டிக் கொடுங்கள். சறுக்குமரத்தில் அவளைத் தூக்கி உட்கார வைக்க வேண்டாம். பக்கத்தில் நின்றுகொண்டு, அடுத்த படியில் கால் வைக்கும் இடத்தை மட்டும் சொல்லுங்கள். பாவாடை தடுக்கினால் அரைக்கால் சட்டை போட்டு அனுப்புங்கள். "விழுந்துடுவே, முகத்திலே தழும்பு வந்தா யார் கட்டிப்பா?" என்ற பேச்சு மட்டும் வேண்டவே வேண்டாம். குழந்தை அந்தக் கல்யாணத்தைக் கண்டதா? பயத்தைத்தான் கற்றுக் கொள்கிறது.

மூன்று, நாலு வயதுக் குழந்தை நாளைக்கு 3 மணி நேரமாவது ஓடியாட வேண்டும், அதில் ஒரு மணி நேரம் நன்றாக மூச்சு வாங்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. திரை பார்ப்பது ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. இரண்டு கணக்கிலும் பையன், பெண் என்று பிரிவு கிடையாது.

ஓர் எச்சரிக்கை. 18 மாதமாகியும் நடக்காவிட்டாலும், வந்த திறமை மறைந்தாலும், ஒன்றரை வயதுக்குள் ஒரே கையை மட்டும் உபயோகித்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். பையன் தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றி ஊன்றி எழுந்தால், சோம்பல் என்று விட்டுவிடாதீர்கள். தசை நோயின் அறிகுறியாக இருக்கலாம். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இதற்கென்று மையங்கள் அமைத்திருக்கிறார்கள்; அங்கே செலவில்லாமல் பரிசோதிக்கலாம்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: ராத்திரி எழுத்தை ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். மாமியாரோடு வாதாட வேண்டாம். பரண்மேல் பல்லாங்குழி இருந்தால் இறக்கி, புளியங்கொட்டையும் கொடுத்து, பேரனை அவர் எதிரே உட்கார வையுங்கள். (வீட்டில் இன்னும் சின்னக் குழந்தை இருந்தால் கொட்டை வாயில் போய்விடும், ஜாக்கிரதை!) அந்த நேரத்தில் நீங்கள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு, துணிப் பந்தோடு மொட்டை மாடிக்குப் போகலாம்.