“எல்லாப் படத்துலயும் எதுக்குல சாதி?”

கபடி வீரர் மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன்’ 2025 தீபாவளிக்கு வந்தது. அதற்குப்பின் சில வாரங்கள் நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் டீக்கடை பெஞ்சு, கல்லூரிப் பேருந்து, கபடி மைதானம் என்று இளைஞர்கள் கூடும் இடமெல்லாம் இந்தப் படப் பேச்சுதான். துருவ் விக்ரம் நிஜமாகவே ஆடினாரா, பசுபதி எந்த இடத்தில் அழவைத்தார், படம் நீளமா என்று பேச்சு ஓடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் கேட்பார்: “எல்லாப் படத்துலயும் எதுக்குல சாதியக் கொண்டாராங்க? நாம ஒண்ணாத்தான இருக்கோம்?”

கேட்பவர் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. நண்பர்களுக்குள் சங்கடம் வரக்கூடாது என்றுதான் கேட்கிறார். ஆனால் அந்தக் கேள்வி விழுந்ததும் கூட்டத்தில் ஒருவன் பேச்சை நிறுத்தி, செல்போனை எடுத்துத் தள்ளிக்கொண்டிருப்பான். அவன் காலனிப் பையன். அதுவரை வசனம் வசனமாகப் பேசியவன் அவன்தான். களப்பணிக்குப் போகும் ஊர்களில் இந்த மௌனத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதவேண்டியிருக்கிறது.

தமிழ் சினிமாவுக்குள் சாதியை இப்போது வந்தவர்கள்தாம் கொண்டுவந்தார்கள் என்பது உண்மையல்ல. தொண்ணூறுகளின் தொடக்கத்தைப் பாருங்கள். ‘சின்னக் கவுண்டர்’ வந்தது. 1992இல் ‘தேவர் மகன்’, 1993இல் ‘எஜமான்’, 1994இல் ‘நாட்டாமை’. சாதி அப்போது படத்தின் பெயரிலேயே இருந்தது. மீசையில் இருந்தது, தோளில் கிடந்த துண்டில் இருந்தது. தீர்ப்புச் சொல்லும் ஆலமரத்தடியில் கைகட்டி நின்றவர்கள் யார் என்று அன்று எந்த நண்பர் கூட்டமும் கேட்கவில்லை. அவை ‘கிராமத்துப் படம்’ என்ற பெயரில் ஓடின. கைகட்டி நின்றவரின் பேரன் கேமராவைத் தூக்கியதும் அது ‘சாதிப் படம்’ ஆகிவிட்டது. நல்ல பெயர் மாற்றம்தான்!

இதை விவாதிக்கலாம், கோபப்படவும் செய்யலாம். என் வருத்தம் வேறு. படத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்ற பெயரில் படம் காட்டிய விஷயத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறோம்.

‘கர்ணன்’ 2021இல் வந்தது. 1995 ஆகஸ்டில் ஓட்டப்பிடாரம் அருகே கொடியன்குளத்தில் காவல்துறை நடத்திய வெறியாட்டம் நினைவுக்கு வராமல் அந்தப் படத்தை நம் மாவட்டத்துக்காரர் யாரும் பார்த்திருக்க முடியாது. ஆனால் பெரிய விவாதம் எதைப்பற்றி நடந்தது? படத்தில் போட்ட 1997 என்ற ஆண்டு எந்தக் கட்சியின் ஆட்சிக் காலம் என்பது பற்றி. கடைசியில் ‘தொண்ணூறுகளின் பிற்பகுதி’ என்று மாற்றினார்கள். பேருந்து நிற்காத ஊரில் ஒரு சிறுமி நடுரோட்டில் வலிப்பு வந்து துடித்துச் சாகிறாளே, அந்தக் காட்சி கட்சிச் சண்டையில் காணாமல் போனது.

அதே ஆண்டு நவம்பரில் ‘ஜெய் பீம்’. தியேட்டருக்கு வராமல் நேராக ஓடிடியில் வந்ததால், டிக்கெட்டுக்குக் காசில்லாதவரும் யாரோ ஒருவர் செல்போனில் பார்த்த படம். சிறை வாசலில் விடுதலையாகி வருபவர்களிடம் சாதி கேட்டு, ஒரு பகுதியினரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மற்றவர்களை வேறு வழக்குகளுக்காகக் காவலர்களிடம் பிரித்துக் கொடுக்கும் முதல் காட்சி ஒன்று போதும், ஒரு மாதம் பேச. நம் ஊர்களில் நடந்த பேச்சோ, ஒரு காட்சியில் சுவரில் தொங்கிய காலண்டரைப் பற்றியது. அதிலிருந்த சின்னம் தங்களை இழிவுபடுத்துகிறது என்று ஒரு சமூகத்தார் சொன்னார்கள். படக்குழு அதை மாற்றியது. மாற்றியது சரியாகவே இருக்கட்டும். காவல் நிலையத்தில் அடித்தே கொல்லப்பட்ட மனிதரை அந்தக் காலண்டர் மறைத்துவிட்டதே! 1993இல் கடலூர் மாவட்டத்தில் உண்மையாக நடந்த கொடுமையில் இறந்தவர் குறவர் சமூகத்தவர், படம் ஏன் இருளர் என்று காட்டியது என்று சிலர் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. அதை எழுப்பியவர்களின் குரல்தான் பெரிதாக எடுபடவில்லை.

அந்த வழக்கை நடத்திய வழக்கறிஞர் கே. சந்துரு பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியானார். அவர் பெயர் நம் மாவட்டத்தோடு மீண்டும் சேர்ந்தது ஒரு துயரத்தில். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பிளஸ் டூ படித்த பட்டியல் சாதி மாணவனைப் பள்ளியில் உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. மாணவர்களிடையே சாதி வன்மத்தைத் தடுக்க வழி சொல்லுமாறு சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு வேண்டாம் என்றது அறிக்கை. உடனே பொட்டைப் பற்றி ஒரு சண்டை. மறுபடியும் காலண்டர் கதைதான்.

வெட்டியவர்களும் வெட்டுப்பட்டவனும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஒரே தியேட்டரில் படம் பார்த்திருக்கவும் கூடும். ஆகவே “நாம ஒண்ணாத்தான இருக்கோம்” என்று நண்பன் சொல்லும்போது, அதைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்கச் சொல்கிறேன். எளிமையான சோதனைதான். ‘கர்ணன்’ பார்த்தாயா? சரி, நம் ஊர் மினிபஸ் காலனி விலக்கில் நிற்கிறதா? ‘பரியேறும் பெருமாள்’ கடைசியில் இரண்டு டீ கிளாசும் நடுவில் ஒரு பூவும் வருமே, நம் ஊர்க் கடையில் எல்லோருக்கும் ஒரே கிளாசா? ‘அசுரன்’ பேசிய பஞ்சமி நிலம் நம் பஞ்சாயத்தில் எத்தனை ஏக்கர், இன்று அது யார் பெயரில் இருக்கிறது? இவற்றுக்குப் பதில் தேட நண்பர்கள் ஒன்றாகக் கிளம்பினால், மௌனமாயிருந்தவன் வாய் திறப்பான். தாலுகா அலுவலகத்துக்குத் தனியாகப் போகிறவனை உட்காரக்கூடச் சொல்லமாட்டார்கள். நாலு சாதிப் பையன்கள் சேர்ந்து போனால் நடப்பதே வேறு.

நம் பிள்ளைகளிடமும் ஒன்று சொல்லவேண்டும். ரஞ்சித் படமோ மாரி செல்வராஜ் படமோ, குறை சொன்னாலே துரோகி என்று பாயாதீர்கள். படம் வேதமல்ல. ஒரு விடுதியில் ‘பரியேறும் பெருமாள்’ பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது முதலாண்டு மாணவி ஒருத்தி எழுந்து, “பரியனுக்கு நடந்தது எல்லாருக்கும் தெரியுது. ஜோவுக்கு மட்டும் கடைசிவரைக்கும் யாருமே சொல்லலையே, ஏன் சார்?” என்றாள். 2018இலிருந்து அந்தப் படத்தைப் பற்றிப் பேசிவருகிறோம். ஆண்கள் மட்டும் உட்காரும் டீக்கடை பெஞ்சில் இந்தக் கேள்வி எழ வாய்ப்பே இல்லை. தன் பெயரால் நடக்கும் கொலை முயற்சிகூடத் தெரியாமல் ஒரு பெண்ணைக் களங்கமற்றவளாக வைத்திருப்பது அவளுக்குச் செய்யும் மரியாதையா? ஆணவக் கொலைகள் நடக்கும் மாவட்டத்தில் இது வெறும் திரைக்கதைச் சந்தேகமல்ல. வயல் வேலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகும் நம் பெண்கள் நடுநாயகமாக நிற்கும் படங்கள் எத்தனை வந்திருக்கின்றன என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். ‘வாழை’யில் சுமை தூக்கும் அக்காவும் அம்மாவும் இருக்கிறார்கள். கதை சிறுவனுடையது.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் திரைப்பட விழா நடக்கிறது. படம் போடுவதோடு, முடிந்ததும் பிள்ளைகளைப் பேசவைக்கவும் வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. இதைக் கல்லூரிகளுக்கும் ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கும் மாவட்ட நிர்வாகம் கொண்டுபோகவேண்டும். விடுதிக்குள் விடுதி மாணவர்களை மட்டும் உட்காரவைத்துப் போட்டுப் பயனில்லை, அவர்களுக்குத் தெரியாத கதை இல்லை அது. ஊர்த்தெருப் பிள்ளைகளும் அங்கே வந்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். விடுதியில் மின்விசிறி ஓடாது, கொசு கடிக்கும். அதையும் அவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும்.