எஃப்.சி.க்காக மட்டும் இறுக்கப்படும் ஹேண்ட் பிரேக்... கல்வராயன் மலை ஏறும் வண்டிகளுக்கு என்ன ஆபத்து?

கச்சிராயபாளையத்தைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் பிக்-அப் வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. இறங்கும்போது மரவள்ளிக் கிழங்கு, ஏறும்போது மளிகை, சிமென்ட், சில நேரம் ஆட்கள். மேட்டில் வண்டியை நிறுத்தினால் பல டிரைவர்கள் முதலில் செய்வது, டயருக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுப்பதுதான். ஹேண்ட் பிரேக் மீது நம்பிக்கை அந்த அளவில்தான் இருக்கிறது. ஆனால் அதே வண்டிக்கு எஃப்.சி. செல்லுபடியில் இருக்கும். இது எப்படி?

சட்டம் என்ன சொல்கிறது?

எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று, 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-வது பிரிவில் வருகிறது. வாடகைக்கும் சரக்குக்கும் ஓடும் வண்டிகள், பள்ளி வாகனங்கள் எல்லாவற்றுக்கும் இது கட்டாயம். புது வண்டிக்கு 2 ஆண்டு. 8 ஆண்டு வயது வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்கு மேல் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். எஃப்.சி. முடிந்த வண்டி, சட்டத்தின் பார்வையில் பதிவே இல்லாத வண்டி. முதல்முறை சிக்கினால் 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கை விரிக்க இதுவே ஒரு காரணமாகிவிடும்.

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 96-வது விதி, கால் பிரேக் தனியாகவும் நிறுத்தி வைக்கும் பிரேக் தனியாகவும் இயங்க வேண்டும் என்கிறது. ஒன்று போனாலும் மற்றொன்று இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. மோட்டார் வாகன ஆய்வாளரை இன்றைக்கும் ஊர்ப்பக்கம் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றே கூப்பிடுகிறார்கள். சோதனையில் பிரேக்குக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதற்கு அந்தப் பெயரே போதும்.

சமதளத்தில் பாஸ், மலையில்?

சிக்கல் இங்கேதான். சோதனைக்கு வண்டி காலியாக வருகிறது. மைதானம் சமதளம். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் நகர்த்திப் பார்த்தால் இன்ஜின் திணறி நிற்கிறதா என்பது பழைய முறை. உருளைகள் மீது சக்கரத்தை ஏற்றி அளக்கும் இயந்திரம் இருந்தால் ஒவ்வொரு சக்கரத்தின் பிடியும் எண்ணாகத் தெரிந்துவிடும். தானியங்கிச் சோதனை மையங்களை மத்திய அரசு கட்டாயமாக்க முயல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கனரக வாகனங்களுக்கு 2023 ஏப்ரல் 1 என்று முதலில் வைத்த கெடு, பிறகு 2024 அக்டோபர் 1-க்குத் தள்ளிப்போனது.

ஒரு சின்னக் கணக்கு. காலியாக 1,700 கிலோ, முழுச் சுமையோடு 3,000 கிலோ இருக்கும் பிக்-அப் என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் மேட்டில் காலி வண்டியைப் பிடித்து நிறுத்த சுமார் 170 கிலோ விசை போதும். சுமையோடு நின்றால் சுமார் 300 கிலோ வேண்டும். 200 கிலோதான் பிடிக்கும் என்ற ஹேண்ட் பிரேக், மைதானத்தில் அட்டகாசமாகத் தெரியும். கிழங்கு ஏற்றிய வண்டி அதே மேட்டில் நழுவும்.

அதனால்தான் லாரி, பேருந்து, சரக்கு வண்டிகளுக்கான ஐ.நா. பிரேக் விதி, முழுச் சுமையோடு 18 சதவீதச் சரிவில் வண்டி நிற்க வேண்டும் என்கிறது. மலைச் சாலைகளுக்கு இந்திய சாலை காங்கிரஸ் சொல்லும் சரிவு பொதுவாக 5 முதல் 8 சதவீதத்துக்குள்தான். மிச்சம் தேய்மானத்துக்கும், தார் பார்க்காத கிராமத்துப் பாதைகளுக்குமான இடைவெளி.

'எஃப்.சி.க்கு மட்டும் டைட் வச்சுக் கொடுங்க'

ஒர்க்‌ஷாப்களில் அடிக்கடி கேட்கும் வாசகம் இது. மெக்கானிக் என்ன செய்கிறார்? லிவருக்குக் கீழே இருக்கும் நட்டைத் திருகி கேபிளை இழுத்து விடுகிறார். ஐந்து நிமிட வேலை. லிவர் இரண்டு 'டிக்'கிலேயே நின்றுவிடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

உண்மையில் கேபிளைக் கடைசியில்தான் தொட வேண்டும். முன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, பின் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை முழுசாக விட்டுவிட்டு, முதலில் டிரம்மைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஷூ தேய்ந்திருக்கிறதா, ஆயில் கசிந்து நனைந்திருக்கிறதா? நனைந்த ஷூவை எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது, மாற்றியே ஆக வேண்டும். பிறகு டிரம்முக்குள் இருக்கும் அட்ஜஸ்டரைத் திருகி, சக்கரம் லேசாக உரசும் வரை கொண்டுவந்து, தாராளமாகச் சுழலும் அளவுக்குத் தளர்த்த வேண்டும். கால் பிரேக்கைச் சில முறை மிதித்த பின்தான் கேபிள். லிவர் எத்தனை 'டிக்'கில் நிற்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், கம்பெனிக் கையேட்டில் இருக்கும். விட்டதும் இரண்டு சக்கரமும் தடையின்றிச் சுழல வேண்டும், இழுத்ததும் ஒன்றுபோலப் பிடிக்க வேண்டும்.

குறுக்கு வழியில் இறுக்கினால் ஷூ முழுசாகப் பின்வாங்காது. ஓடும்போதெல்லாம் டிரம்மை உரசிக்கொண்டே இருக்கும். சமதளத்தில் மைலேஜ் குறையும், டிரம் சூடாகும், அவ்வளவுதான். வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது கதை வேறு. ஏற்கெனவே சூடான டிரம்மில் கால் பிரேக்கின் சூடும் சேரும். ஈரம் இழுத்த பழைய பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் உள்ள பல வண்டிகளில், இறுக்கிய கேபிள் அதையும் முடக்கிவிடும். நிறுத்தி வைக்க இருக்கும் பிரேக்கை ஏமாற்றப் போய், ஓடும்போது காப்பாற்றும் பிரேக்கைக் கெடுத்துக்கொள்வதுதான் இது.

பேருந்துகளுக்கு வேறு கதை

ஏர் பிரேக் உள்ள பேருந்து, லாரிகளில் நிலைமை தலைகீழ். அங்கே காற்று வெளியேறினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தானாகப் பிரேக்கைப் பிடிக்கும். அந்த ஸ்பிரிங் இருக்கும் சேம்பரைத் தெரியாதவர்கள் திறக்கவே கூடாது. உயிருக்கே ஆபத்து.

காகிதம் மட்டும் போதாது

2012 ஜூலை 25 அன்று சென்னை தாம்பரம் அருகே தனியார் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக 2-ம் வகுப்பு மாணவி விழுந்து இறந்தார். எஃப்.சி. பெற்ற பேருந்துதான் அது. அதன் பிறகே பள்ளி வாகனங்களுக்கான சிறப்பு விதிகள் தமிழ்நாட்டில் வந்தன. பள்ளி திறப்பதற்கு முன் கள்ளக்குறிச்சி உட்பட எல்லா மாவட்டங்களிலும் பள்ளி வாகனங்களை வரிசையாக நிறுத்திச் சோதிக்கும் வழக்கம் இப்படித்தான் வலுப்பெற்றது.

மலைக் கிராமங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியான பிறகு, கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்து சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, போக்குவரத்து வசதிகள் அதில் முக்கியமாகப் பேசப்பட்டன. பேருந்து வராத ஊரில் சரக்கு வண்டியில் ஏறுவது சட்டப்படி தப்பு. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போக வேறு வண்டி இல்லாதவரிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. அங்கே அந்த வண்டியின் ஹேண்ட் பிரேக், பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் உயிர்ப் பிரச்சினை.

பிள்ளைகள் போகும் வேனோ, வாடகைக்கு எடுக்கும் வண்டியோ, பதிவு எண்ணை எம்-பரிவாகன் செயலியில் போட்டால் எஃப்.சி. எந்தத் தேதி வரை என்று தெரிந்துவிடும். பிரேக் எப்படி என்று தெரிய, சுமையோடு ஒரு மேட்டில் நிறுத்தி, காலை எடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். கல்லை எடுத்துவிட்டு அல்ல, சக்கரத்துக்கு ஓரடி பின்னால் வைத்துவிட்டு.