காலுக்கும் ஒரு கோரிக்கை



சம்பளம், பேர், லயம், காணி: நமது கூட்டங்களில் பேசப்படுவது எப்போதும் இவைதான். காலைப் பற்றி நாம் பேசியதில்லை. சென்ற மழைக்காலத்தில் ஒரு தோட்டத்து மாதர் கூட்டத்தில் அதையும் பேச வேண்டி வந்தது. பால் வெட்டும் அக்கா ஒருவர் ஒரு காலைச் சேலைக்குள் மறைத்தபடியே உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கு, "சின்னப் புண்தான்" என்றார். பார்த்தால் பெருவிரல் கறுத்துப் போயிருந்தது. அவருக்குச் சீனி வியாதி. முள் குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகும் மூன்று வாரம் வேலைக்குப் போயிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர் இல்லை என்பதுதான் காரணம். கடைசியில் விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

இதை அந்த அக்காவின் கவனக்குறைவு என்று சொல்லிவிட நாம் தயாரில்லை. தொழிலாளியின் காலில் வரும் புண் பெரும்பாலும் வேலை தரும் புண். அதனால் அது சங்கத்தின் விடயம்.

வரலாறும் இதைத்தான் சொல்கிறது. கொக்கிப்புழு மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்புக்குள் போகிறது, குடலில் ஒட்டி இரத்தத்தைக் குடிக்கிறது. நமது பாட்டன் பூட்டன் காலத்துத் தோட்டங்களில் சோகை பிடித்து வெளிறிப்போனவர்களைச் 'சோம்பேறிகள்' என்று திட்டினார்கள். 1916 இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் மாத்தளைப் பக்கத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. ஆனால் கக்கூஸ் கட்டப் பணம் செலவழிக்கத் தோட்ட முதலாளிமார் பின்வாங்கினார்கள். அதே மண்ணில் அதே வெறுங்காலோடு நடந்தவர்களுக்குப் புழு திரும்பவும் வந்தது. மருந்து மட்டும் கொடுத்து, மண்ணையும் காலையும் அப்படியே விட்டால் நோய் போகாது. நூறு வருடத்துக்குப் பிறகும் நாம் மறக்கக்கூடாத பாடம் இது.

இரத்தினபுரியும் கேகாலையும் மழைநாடு. கானில் தண்ணீர், மலையில் அட்டை, படியில் பாசி. மழைநாளில் நமது கால் காய்வதே இல்லை. ஆகவே முதலில் நம் கையால் செய்யக்கூடியதைச் சொல்லிவிடுவோம்.

வேலை முடிந்து வந்ததும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்குகளைத் துணியால் துடைத்து உலர்த்துங்கள். சேற்றுப்புண்ணுக்குப் பாதி மருந்து இதுதான். மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசுவது நமது வழக்கம். ஆனால் ஈரம் காயாமல் எதைப் பூசினாலும் பயனில்லை. ஒரு வாரத்தில் ஆறாவிட்டால் டிஸ்பென்சரியில் பூசு மருந்து கேளுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள்.

குதி வெடிப்புக்கு இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் காலை வைத்து, கல்லால் மெதுவாகத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் பூசுங்கள். கால் ஆணியையும் தடித்த தோலையும் பிளேடாலோ பால் கத்தியாலோ வெட்ட வேண்டாம். அட்டை கடித்த இடத்தைச் சோப்பால் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். சொறிந்தால் புண்ணாகும்.

சீனி வியாதி உள்ளவர்கள் தினமும் இரவில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிய முடியாவிட்டால் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். வலிக்காத புண்தான் ஆபத்தான புண். ஒரு கொப்புளம் வந்தாலும் அடுத்த நாளே கிளினிக்குக்குப் போங்கள்.

எலிக்காய்ச்சல் நமது இரண்டு மாவட்டங்களையும் வருடா வருடம் வாட்டுகிறது. 2008 இல் நாடு முழுவதும் 7,000 பேருக்கு மேல் இந்த நோய்க்கு ஆளானதாகப் பதிவானது. எலியின் சிறுநீர் கலந்த சேற்றுத் தண்ணீரில் நிற்கும்போது கால் புண் வழியாகக் கிருமி ஏறும். கான் வெட்டுகிறவர்களும், லீவு நாளில் கிராமத்து வயலுக்கும் மாணிக்கக் குழிக்கும் கூலிக்குப் போகிறவர்களும், வெள்ளத்தில் நடக்கிறவர்களும் முன்கூட்டியே பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டால் தடுப்பு மாத்திரை இலவசமாகக் கிடைக்கும். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் அந்த மாத்திரையைத் தாமாக எடுக்கக்கூடாது. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், எங்கே வேலை செய்தீர்கள் என்பதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

பாம்பு கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். சிங்களத்தில் குனகட்டுவா என்று சொல்லும் சின்ன விரியன் சருகுக்குள் கிடந்து பாதத்தில் கடிக்கும். நமது ஆஸ்பத்திரிகளில் உள்ள விஷமுறிவு மருந்து அதன் விஷத்துக்கு வேலை செய்யாது. சிலருக்குச் சிறுநீரகமே பழுதாகிவிடும். ஆகவே கடிக்க விடாமல் காலை மூடுவதுதான் வழி.

இங்கேதான் நமது கேள்வி வருகிறது. எதைக்கொண்டு மூடுவது?

மருந்தடிக்கிறவருக்குப் பூட்ஸ் கொடுக்கிறார்கள். வெளிநாட்டில் தேயிலை வாங்குகிறவர்கள் கேட்கும் சான்றிதழுக்கு அது தேவை. கொழுந்து பறிக்கிறவருக்கும் பால் வெட்டுகிறவருக்கும் கான் வெட்டுகிறவருக்கும் பல தோட்டங்களில் ஒன்றுமில்லை. அதே மலை, அதே அட்டை, அதே பாம்பு. பூட்ஸ் செய்யும் இறப்பரை வெட்டித் தருகிறவர் தேய்ந்த செருப்போடு நடக்கிறார். கஷ்டப் பிரதேசப் பாடசாலைப் பிள்ளைக்கு அரசாங்கம் பாதணி வவுச்சர் தருகிறது. அந்தப் பிள்ளையை வளர்க்கும் தாயின் காலைப் பற்றி யாரும் நினைப்பதில்லை.

"பூட்ஸ் கொடுத்தாலும் இவர்கள் போடமாட்டார்கள்" என்று துரைமார் சொல்வதுண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. பாரமான பூட்ஸோடு செங்குத்து மலை ஏறக் கஷ்டம், உள்ளே தண்ணீர் புகுந்தால் சேற்றுப்புண் கூடும். அதற்காக வெறுங்காலே போதும் என்று ஆகிவிடாது. எந்த மலைக்கு எந்தப் பாதணி சரி என்பதை அதைப் போட்டு நடக்கப் போகிறவர்களிடம் கேட்டு வாங்க வேண்டும்.

எனவே ஒவ்வொரு தோட்டத் தலைவரும் மாதர் தலைவியும் துரையிடம் இந்த நான்கையும் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறோம். மலையில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் வருடம் ஒரு சோடிப் பொருத்தமான பாதணி. காடு மண்டிய மலைகளில் புல் வெட்டு, உடைந்த படிகளுக்குத் திருத்த வேலை. மழைக்காலத்துக்கு முன்பு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடு பேசி எலிக்காய்ச்சல் மாத்திரை. கால் புண்ணுக்கு டிஸ்பென்சரி துண்டோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கு அன்றைய முழுப் பேர்.

இன்னொன்று. வேலை நேரத்தில் பாம்பு கடித்தாலோ கத்தி பட்டாலோ, அதை அன்றே தோட்டத்துப் பதிவில் எழுத வையுங்கள். வேலையில் நேரும் விபத்துக் காயத்துக்கு நட்டஈடு கேட்க 1934 ஆம் ஆண்டு முதல் சட்டம் இருக்கிறது. பதிவு இல்லாவிட்டால் வழக்கு நிற்பது கஷ்டம்.

அந்த அக்கா இப்போது மறுபடியும் பால் வெட்டுகிறார், ஒன்பது விரலோடு. அடுத்த மாதர் கூட்டத்துக்கு வரும்போது யாரும் காலைச் சேலைக்குள் மறைக்க வேண்டாம். நீட்டிக் காட்டுங்கள். அங்கிருந்தே பேச்சைத் தொடங்குவோம்.