டாக்டர் புத்தகம் படிச்சா பயம் வருமாம்!

"அதெல்லாம் நாம படிக்கக்கூடாது சார், இல்லாத வியாதியெல்லாம் இருக்கிற மாதிரி தோணும்." எங்கள் புனே வீட்டு அலமாரியில் மெர்க் மேனுவலைப் பார்க்கிற ஒவ்வொருத்தரும் தவறாமல் சொல்வது. ஜெரோம் கே. ஜெரோம் 1889-லேயே அடித்துவிட்ட ஜோக் சாமி, வேறு ஏதாவது சொல்லுங்கள்.

உண்மையில் பயமுறுத்துவது கூகிள்தான். அதற்கு நாம் கொடுப்பதே நம் பயத்தை. அதையே பத்து மடங்காக்கித் திருப்பித் தரும். புத்தகம் அப்படியில்லை. எதையோ தேடப்போய் வேறெங்கோ நிற்போம். அந்தச் சுகம் இருக்கிறதே!

அப்படிப் புரட்டும்போது சிக்கியதுதான் 'மதுரா ஃபுட்'. நம்ம மதுரையேதான். வெறுங்காலோடு வயலில் நடப்பவருக்கு முள் குத்திய இடம் வழியே மண்ணிலுள்ள பூஞ்சையோ பாக்டீரியாவோ உள்ளே போய், பாதம் வருஷக்கணக்கில் மெல்ல வீங்கும். துளை விழுந்து குருணை குருணையாக வடியும். 1842-ல் மதுரையில் கில் என்ற டாக்டர் பதிவு செய்தது. பிறகு பம்பாயில் இதற்குப் பூஞ்சை காரணம் என்று காட்டியவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். 1858-ல் வந்த 'கிரேஸ் அனாடமி'க்குப் படம் வரைந்த அதே கார்ட்டர்! (பெயர் என்னவோ கிரேக்குத்தான் போனது. ஹூம்.)

நிற்க. "எல்லாம் டாக்டருக்குத் தெரியும்" என்பவர்களுக்கு ஒன்று. ஊரில் குத்தல், குடைச்சல், கடுப்பு, இழுப்பு என்று விதவிதமாகச் சொல்வோம். இங்கே நமக்குத் தெரிந்த இந்தியில் எல்லாமே 'தர்த்'. கிடைக்கிற ஐந்து நிமிஷத்தில் எங்கே, எப்போது, எப்படிப்பட்ட வலி என்று சொல்லத் தெரியாவிட்டால் அவர்தான் என்ன செய்வார்? அதைச் சொல்லக் கற்றுக்கொடுப்பது இந்தத் தலகாணி புத்தகம்தான். நாமே வைத்தியம் பார்த்துக்கொள்ள அல்ல.

ஊரில் தனியாக இருக்கும் பெற்றோர் விஷயம் இன்னும் மோசம். காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை, ஜலதோஷத்துக்கு ஒன்று, உடம்புவலிக்கு ஒன்று. மூன்று கலர், மூன்று பெயர். பல சமயம் மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கும். பெரியவர்களுக்கே பொதுவாக ஒரு நாளுக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு, அதைத் தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து. குடிப்பழக்கமோ ஈரல் கோளாறோ இருந்தால் அந்த அளவும் கூடாது. இதைப் படித்தால் பயம் வருமென்றால், வரட்டுமே!

இந்த ஞாயிறு ஃபோன் பேசும்போது அப்பாவை மாத்திரை அட்டைகளை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். கம்பெனி வைத்த பெயர் வேண்டாம், உள்ளே இருக்கும் மருந்தின் பெயர். கண்ணாடியைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் :-)